சட்டையில் குத்திய பத்து ரூபாய் நோட்டு

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் நான் சின்னப் பையனாக இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறையாவது சைக்கிள்காரர் வருவார். மைதானத்தின் நடுவில் கம்பம் நட்டு, சுற்றிலும் சீரியல் பல்பு கட்டி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவார். ஏழு நாள், பத்து நாள் என்று கணக்கு. அதுவரை கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல், பல் தேய்ப்பது, சட்டை மாற்றுவது எல்லாமே சைக்கிள் மேல்தான். முதல் இரண்டு நாள் கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்கும். ஐந்தாம் நாள் அவர் கண் சிவந்து, முகம் வீங்கி, ஹேண்டில்பார் லேசாக ஆட ஆரம்பிக்கும்போதுதான் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். சைக்கிளோடு கூடவே நாலடி நடந்து, ஊக்கால் அவர் சட்டையில் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள். என் அம்மா ஒருமுறை பத்து ரூபாய் குத்தினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

சைக்கிள்காரருக்கு அது பிழைப்பு. அந்தக் காசு அவர் குடும்பத்துக்குப் போனது. ஆனால் ஒருவர் தன் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்த்து இன்னொருவர் மனமுவந்து காசு கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மருத்துவ உதவிக்காக மாரத்தான் ஓடுகிறேன், நிதி கொடுங்கள் என்று யாராவது கேட்டால், 'அதெல்லாம் பெசன்ட் நகர், ஓ.எம்.ஆர். பக்கத்து வசதியான ஆட்கள் சமாச்சாரம்' என்று நம் பக்கத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முயற்சி உண்மையிலேயே பயன்படக்கூடிய இடம் வடசென்னை என்றே நினைக்கிறேன். எங்கே பயன்படும், எங்கே வீணாகும் என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இன்று உலகம் முழுக்க நடக்கும் இந்த மாதிரி ஓட்டங்களுக்கு முன்னோடி என்றால் டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டுப் பையன். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அந்த நோயில் பிழைக்கும் வாய்ப்பு அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்புவரை நூற்றுக்குப் பதினைந்துதான் என்றும், ஆராய்ச்சியால் அது ஐம்பதாக உயர்ந்திருக்கிறது என்றும் அவரிடம் சொன்னார்கள். தன் உயிர் யாரோ செலவழித்த ஆராய்ச்சிப் பணத்தில் நிற்கிறது என்று அவருக்குப் புரிந்தது. சிகிச்சையின்போது புற்றுநோய் வார்டில் பார்த்த முகங்களும் அவரை விடவில்லை.

1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கோடியில் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். தினமும் ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம், அதாவது 42 கிலோமீட்டர். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்ததில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு துள்ளல் போட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். வெட்டிய இடத்தில் தோல் உரிந்து ரத்தம் வரும். முதல் வாரங்களில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிற்றூருக்கு வந்தார். அங்கே ஜனத்தொகை பத்தாயிரம். அந்த ஊர் கொடுத்த பணமும் பத்தாயிரம் டாலர். ஆளுக்கு ஒரு டாலர் என்ற எண்ணம் அங்கேதான் பிடிபட்டது. மொத்தக் கனடாவும் தலைக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்று கேட்க ஆரம்பித்தார்.

143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே ஊருக்கு அருகே இருமலும் நெஞ்சுவலியும் தாங்காமல் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த பிப்ரவரியில் நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதேதான். 1981 ஜூன் 28இல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னைக்கும் வந்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் அதில் ஓடியவர்கள் நம் பேட்டைகளிலும் இருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். நேரடியாகக் கை நீட்டிக் கேட்டால் கிடைக்காத பணம், ஓடிக் காட்டினால் எப்படிக் கிடைக்கிறது?

கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே நற்காரியத்துக்கு நிதி திரட்ட ஒரு பக்கம் ஜாலியான பிக்னிக், இன்னொரு பக்கம் கஷ்டமான ஐந்து மைல் ஓட்டம் என்று வைத்து, எதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். கஷ்டமும் வலியும் இருக்கும் இடத்தில் மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். பாடுபட்டால் அந்தக் காரியத்துக்கே ஒரு அர்த்தம் கூடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று: பணம் போகும் காரியம் மனிதர் படும் துன்பத்தோடு தொடர்புள்ளதாக இருந்தால் இந்த விளைவு வலுவாக இருக்கிறது, பூங்கா அமைப்பது போன்ற இன்பமான காரியமாக இருந்தால் குறைந்துவிடுகிறது. நோயாளியின் கஷ்டத்துக்கு ஓடுகிறவரின் கஷ்டம் ஈடு நிற்பதாக மனசு எடுத்துக்கொள்கிறது போல. ஆராய்ச்சியாளர்களுக்கு முன்பே இது நம் பாட்டிகளுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்றோ, திருத்தணிக்குக் காவடி எடுக்கிறேன் என்றோ வேண்டிக்கொண்டவர்கள்தானே.

இன்னொரு காரணமும் உண்டு. லண்டன் மாரத்தான் ஓடுபவர்களின் இணைய நிதிப் பக்கங்களை எடுத்து, முன்னால் கொடுத்தவர்களின் தொகை பின்னால் வருபவரை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். முன்னால் பெரிய தொகைகள் இருந்தால் அடுத்து வருபவரும் கூட்டிப் போடுகிறார். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கும் யாருக்கும் இது ஆச்சரியம் தராது. மைக்கில் முதல் நாலு பேரின் தொகையை வாசிக்கும்போதே ஐந்தாமவர் கவரைத் திறந்து இன்னொரு நூறைச் சேர்ப்பார். அதனால் நிதி திரட்ட இறங்குபவர் முதலில் பொதுவில் அறிவிக்காமல், கட்டாயம் கொடுக்கக்கூடிய நாலைந்து பேரிடம் போய் அவர்கள் தொகையை வாங்கிப் பதிந்துவிட்டு, அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது நல்லது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் தாய்மாமனை முதலில் கூப்பிடுவது போலத்தான்.

கஷ்டம் என்பது கிலோமீட்டரில் அளப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கு நேரத்தில் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற பழைய ராணுவக்காரர், தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் வீட்டுத் தோட்டத்தில், நடக்க உதவும் சக்கரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நூறு நடை நடக்கிறேன் என்றார். ஒரு நடை 25 மீட்டர். இலக்கு ஆயிரம் பவுண்டு. பிறந்தநாளன்று நிதி 3 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது, எல்லாம் அந்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குத் துணைநிற்கும் அறக்கட்டளைகளுக்கு. பயிற்சி பெற்ற இளைஞன் 42 கிலோமீட்டர் ஓடுவதைவிட, சர்க்கரை நோயோடு வாழும் அறுபது வயது அம்மா காலடிப்பேட்டையில் இருந்து மிண்ட் வரை நடப்பது தெருவுக்குப் பெரிதாகத் தெரியலாம். அந்தம்மாவின் முழங்காலைத் தெருவே அறியும்.

இனி வடசென்னைக்கு வருகிறேன். ஸ்டான்லி மருத்துவமனையை என் பாட்டி கடைசிவரை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னார். காரணம் இருக்கிறது. ஹைதர் அலியோடு நடந்த போரை ஒட்டி 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தபோது, பசியோடு வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. ராயபுரத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த இடமான ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையும் 1880இல் ராஜா சர் ராமசாமி முதலியார் கொடுத்த கொடையால் வந்தது. ஆக, இந்தப் பகுதியின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அடியில் யாரோ கொடுத்த கஞ்சியும் காசும் இருக்கிறது. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கிய திருவேங்கடம் 2020இல் இறந்தபோதும், பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018இல் இறந்தபோதும் தெருவே அழுதது. கொடுக்கிற கையை இந்த ஊர் மறப்பதில்லை.

ஆனால் அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்கிறபோது ஓடித் திரட்டும் பணம் எதற்கு? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம். 'மருத்துவத்துக்காக' என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கும் மாத்திரைக்கும் ஸ்டான்லியில் பணம் கேட்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதன் வருமான வரம்பு வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், அதாவது மாதம் பத்தாயிரம். துறைமுகத்தில் லோடு ஏற்றுபவரும் ஆட்டோ ஓட்டுபவரும் நல்ல மாதத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். தாண்டியவர் பணக்காரராகிவிடுவதில்லை. இது ஒரு இடைவெளி.

பெரிய இடைவெளி பில்லில் வராத செலவுகளில் இருக்கிறது. என் அப்பா ஒரு அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு நாள் படுத்திருந்தார். சிகிச்சைக்கு ஒரு ரூபாய் ஆகவில்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு நாளும் அம்மா வேலைக்குப் போகவில்லை. நான் பாதி நாள் கூலியை விட்டேன். காலையில் இட்லி, ராத்திரியில் டீ, தங்கச்சி வந்துபோக ஆட்டோ, ஜெராக்ஸ், ஆதார் திருத்தம். ராத்திரி வராந்தாவில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுப்போம், வார்டில் இருந்து பேரைக் கூப்பிட்டால் எழுந்து ஓடுவோம். வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருந்தது. இலவச சிகிச்சைக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

இந்த இடத்தில்தான் ஓட்டப் பணத்துக்கு வேலை இருக்கிறது. சைதாப்பேட்டைக்காரரான மா. சுப்பிரமணியன் பல வருடங்களாக மாரத்தான் ஓடுகிறவர், 2021இல் சுகாதார அமைச்சரானார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தானில் 70 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதன் பதிவுக் கட்டணத்தை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர் தங்கும் கட்டடத்துக்குக் கொடுத்தார்கள். கட்சியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பதைச் சரியாகக் கண்ட முடிவு அது. வராந்தாவில் படுத்த எவரும் அதை ஒத்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், வடசென்னையில் இதைவிடவும் அவசரமான ஒரு இடம் இருக்கிறது: காசநோய். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் தெருக்களில் அந்தக் கிருமிக்கு வழி சுலபம். இந்த நோயில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் வேதியியல் சிகிச்சை மையத்தைத் தொடங்கி ஒரு ஆய்வு நடத்தினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் பார்த்தார்கள். மீதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபோது இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய் வைத்தியம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஊரின் ஏழை நோயாளிகள் காரணம்.

மாத்திரை இருந்தால் சாப்பாடு முக்கியமில்லை என்று அதைச் சிலர் புரிந்துகொண்டார்கள். அறுபது வருடம் கழித்து அந்தப் புரிதல் மாறியது. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வின் முடிவுகள் 2023இல் லான்செட் மருத்துவ இதழ்களில் வந்தன. நோயாளிக்கு மாதம் பத்துக் கிலோ உணவுப்பை: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. வீடுகளில் ஒரு பாதிக்குக் குடும்பத்தினருக்கும் சேர்த்து அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. நோயாளியின் எடை முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் ஏறினால் இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. புது மருந்து கண்டுபிடித்து வந்த பலன் இல்லை இது. பருப்பும் பால்பவுடரும் கொடுத்த பலன்.

அரசும் சும்மா இல்லை. சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் 2018இல் இருந்து வந்தது, 2024 நவம்பரில் 1,000 ஆனது. தனியாரும் அமைப்புகளும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப்பை தரும் நிக்ஷய் மித்ரா ஏற்பாடு 2022இல் வந்தது. காசநோய்ப் பிரிவில் பதிந்துகொண்டு, சம்மதம் சொன்ன நோயாளிகளுக்கு மாதாமாதம் கொடுக்கலாம். சம்மதம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நிதி திரட்டுபவர்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஆசை வரும். பெயரும் படமும் உள்ள ஒரு ஆளுக்கு மக்கள் அதிகம் கொடுப்பார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மைதான். ஆனால் காசநோய் என்று தெரு தெரிந்துகொண்டால் பெண்ணுக்கு வரன் நின்றுபோகும், வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். போஸ்டரில் ஓடுகிறவரின் முகம் இருக்கட்டும். நோயாளியின் முகம் வேண்டாம்.

இப்போது உடம்பு விஷயம். இதில் அலட்சியம் செய்தால் உதவப் போனவரே ஆம்புலன்ஸில் போக நேரும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடவில்லை, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். சென்னையின் பிரச்சினை சூடு மட்டும் இல்லை, கடற்கரை ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழும், ஆனால் சூடு உள்ளேயே நிற்கும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடனே ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி நடு வரைதான் இங்கே நீண்ட தூரம் ஓட ஏற்ற காலம். அதிலும் விடிவதற்குள் பாதி தூரம் முடிந்திருக்க வேண்டும்.

தண்ணீரிலும் ஒரு எச்சரிக்கை. பயந்துகொண்டு மணிக்கணக்காக வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், உப்பு சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு ஒன்று. இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ். நம் தெருமுனைக் கூழ்க்கடையே போதும், வண்ணப் பாட்டில் வேண்டியதில்லை. புதிதாக ஆரம்பிப்பவர் 42 கிலோமீட்டரைப் பற்றி முதல் வருடம் நினைக்கவே கூடாது. 10 கிலோமீட்டருக்கு மூன்று மாதம், 21க்கு இன்னும் மூன்று நாலு மாதம் என்று போகலாம். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அப்புறம் சாலை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுவது வீரம் இல்லை. லாரிப் புகையும் மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றும் வேகமாக மூச்சு வாங்கும்போது ஆழமாக உள்ளே போகும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. நுரையீரல் நோயாளிக்காக ஓடுகிறவர் தன் நுரையீரலையும் பார்க்க வேண்டும். மைதானத்தைச் சுற்றியே 10 கிலோமீட்டர் ஓடலாம். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி இடங்களில் சுற்றிச் சுற்றி நடக்கலாம். சைக்கிள்காரர் ஒரே வட்டத்தில்தானே சுற்றினார், யாரும் குறை சொல்லவில்லையே. விடியற்காலை ஓட்டம் என்றால் பெண்கள் வருவது கஷ்டம் என்பதையும் திட்டம் போடுபவர்கள் யோசிக்க வேண்டும். மாலையில் மைதானத்தில் வைத்தால் அவர்களும் வருவார்கள், தெருவும் பார்க்கும்.

கணக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டாம் மூர் திரட்டிய பணம் அப்படியே மருத்துவ அறக்கட்டளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிறகு அவர் பெயரில் குடும்பத்தினர் தொடங்கிய தனி அறக்கட்டளையை அந்நாட்டு அறநிலைய ஆணையம் விசாரித்தது. குடும்பத்தினர் பலமுறை முறைகேடாக நடந்துகொண்டதாக 2024 அறிக்கையில் சொன்னது. கிழவர் நடந்த நடைக்கே கறை பட்டதுபோல ஆயிற்று. அதனால் பணம் ஓடுகிறவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது. நல்லவராக இருந்தாலும் கூடாது. உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து வருடத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொந்தக் கணக்கில் வந்தால் அது வருமானமாகி வரி கட்ட வேண்டிவரும் என்ற சிக்கலும் இருக்கிறது. பதிவான, 80ஜி அனுமதி உள்ள ஒரு அறக்கட்டளையின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அந்த அனுமதி இருந்தால் பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்குச் சலுகையும் கிடைக்கும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் மட்டும் கிடைக்காது. துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமகன்களாக இருந்து தங்கள் சம்பளப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு அறக்கட்டளையிடம் தனிப் பதிவு இருக்க வேண்டும். டீ-ஷர்ட், பேனர், மெடல் செலவை நன்கொடையில் இருந்து எடுக்காமல் தனியாக ஸ்பான்சர் பிடித்துவிடுவது நல்லது. ஊர் முதலில் கேட்கும் கேள்வி 'எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு' என்பதுதான்.

காசநோயாளிகளுக்கு உணவுப்பை கொடுக்க வரும் ஜனவரியில் நிதி திரட்டலாம் என்று எங்கள் தெருவில் பதினைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். மளிகைக் கடையில் விலை கேட்டுப் பார்த்தோம். அரிசி ஐந்து கிலோ, பருப்பு மூன்று கிலோ, பால்பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர் என்றால் மாதம் ஏறக்குறைய 1,500 ரூபாய். சிகிச்சை ஆறு மாதம், ஆக ஒரு நோயாளிக்கு 9,000. இருபத்தைந்து பேருக்கு 2 லட்சத்து 25 ஆயிரம். பதினைந்து பேரும் ஆளுக்கு 15,000 திரட்டினால் சரியாக வரும். சிலர் 10 கிலோமீட்டர் ஓடுவார்கள், மூன்று பெண்கள் மைதானத்தில் நடப்பார்கள், ஒரு பையன் கால் இடறாமல் ஆயிரம் ஸ்கிப்பிங் போடுகிறேன் என்கிறான்.

அம்மாவிடம் சொன்னேன். "போன்ல போடத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்களிடம் பேசினோம். எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம் இரண்டு தருகிறார்கள். மைதானத்து வாசலில் மேசை போட்டு அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் உட்காருவார்கள். பத்து ரூபாய் கொடுத்தாலும் பேர் எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.